உருகாமல் தப்பிய வெள்ளி

பாட்டியின் வெள்ளிக் கூஜாவை விற்கப் போனபோது, அதிலிருந்த கொடி வேலைப்பாட்டைக் கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தராசில் வைத்தார். "செய்கூலியெல்லாம் திரும்ப வராது தம்பி" என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் பிரான்ஸின் மன்னர்களே இதே தராசின் முன் நின்றவர்கள் என்று பிறகு படித்தேன்.

பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் மேசை, விளக்குத்தண்டு, செடித்தொட்டி வரைக்கும் வெள்ளி. 1689 டிசம்பரில், போர்ச் செலவுக்காக, ஏறக்குறைய 20 டன் உருக்கச் சொன்னார். செய்ய ஆன செலவில் ஒரு பங்குதான் காசாகத் திரும்பியது. செய்கூலி போயே போச்சு!

சாப்பாட்டுத் தட்டுகளின் முறை 1709இல் வந்தது. கொடுங்குளிர், பஞ்சம், கூடவே ஸ்பானிய வாரிசுரிமைப் போர். மன்னர் தன் தங்கத் தட்டுகளையே நாணயச்சாலைக்கு அனுப்பினார். பிரபுக்கள் சும்மா இருக்க முடியுமா? செயின்ட் சிமோன் பிரபு தன் நினைவுக்குறிப்புகளில் இதை ஒளிக்காமல் எழுதுகிறார். தன் அந்தஸ்தில் வெள்ளித்தட்டில் சாப்பிடுபவர் கிட்டத்தட்ட தான் மட்டும்தான் என்று ஆனபிறகு, கொஞ்சத்தை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைத்துக்கொண்டாராம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். மற்றவர்கள் மெருகிட்ட மண்தட்டுக்கு மாறினார்கள். ரூவான் நகரத்துக் குயவர்களுக்கு நல்ல காலம்.

1759இல் மறுபடி ஒரு போர், மறுபடி உருக்கல். பிறகு புரட்சி. அந்தக் காலத்து மேசை வெள்ளி அவசரத்துக்கு உடைக்கும் உண்டியல் மாதிரி. அதற்கு மேல் இருந்த கைவேலை யார் கணக்கிலும் ஏறவில்லை.

அந்தக் கைவேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் தோமா ஜெர்மேன் செய்த சூப் பாத்திரங்களைப் பார்க்கலாம். மூடிமேல் நண்டினமும் காய்கறிகளும் நிஜத்திலிருந்து அச்செடுத்தது போலக் கிடக்கின்றன. அவை இருப்பது லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்தில். அவர் மகன் ஃபிரான்ஸ்வா தோமா செய்தவற்றுக்கு லிஸ்பன் போக வேண்டும். 1755 நிலநடுக்கத்தில் அரண்மனையை இழந்த போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜோசே, புது விருந்து வெள்ளிக்கு அவரிடம்தான் ஆர்டர் கொடுத்தார். ரஷ்ய அரசவையும் கொடுத்தது. வெளிநாட்டுக்குப் போனதால், பிரெஞ்சு நாணயச்சாலையின் கைக்கு அவை எட்டவில்லை.

இத்தனை மன்னர்களை வாடிக்கையாளராக வைத்திருந்தும் 1765இல் மகன் ஜெர்மேன் திவாலானார். அரசவைப் பொற்கொல்லர் பதவியும் பறிபோனது.