ஒரு கோயிற்பிள்ளையின் விடுதலை

ஆகஸ்ட் மாதம் நம் நாட்டுக் கத்தோலிக்கர்க்கு இரட்டை விழா மாதம். 15ஆம் நாள் காலையில் அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் மூவண்ணக் கொடி ஏறும். சிறுவர் கைகளில் மிட்டாய் சேரும். அன்றைய மறையுரைக்கு விடுதலையை விட்டால் வேறு பொருள் அமைவது அரிது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். அந்நியர் ஆட்சியினின்று விடுதலை, பாவத்தினின்று விடுதலை என இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். மக்களும் கொடியேற்றத்திற்கு நேரமாகிவிட்டதே என்று பொறுமையோடு கேட்டுக்கொள்வார்கள்.

'விடுதலை' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியில் பிறந்தது. வீடுபேறு என்பதில் உள்ள 'வீடு'ம் அதே வேரினது. 'சுதந்தரம்' என்ற சொல்லோ, சீர்திருத்த சபையாரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில், வாரிசுக்கு உரிய சொத்து என்ற பொருளில் வழங்குகிறது. ஒரு சொல் விடுவதைக் குறிக்கிறது. மற்றது பெறுவதைக் குறிக்கிறது. நாம் விழா எடுப்பது பெற்றதற்காக. எதை விட்டால் விடுதலை என்பதை நம் மேடைகளில் எவரும் கேட்பதில்லை. பீடத்திலும் அடிக்கடி கேட்பதில்லை.

அக்கேள்வியோடு நான் திரும்பத் திரும்ப நினைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. சுதந்திர நாளுக்கு ஆறு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 9இல், அவருடைய இறப்பின் நினைவு வருகிறது. 1943ஆம் ஆண்டு அந்நாளில் ஜெர்மனியின் பிராண்டன்பூர்க் சிறையில் தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய நாட்டு உழவர் பிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டரே அவர். ஊர்க் கோயிலில் மணியடித்து, பீடத்தை ஒருக்கி, திருப்பலிக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயிற்பிள்ளை.

மேல் ஆஸ்திரியாவில், பவேரியாவின் எல்லையோரம், புனித ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907 மே 20இல் அவர் பிறந்தார். ஹிட்லர் பிறந்த பிரௌனாவும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவும் வசதியற்ற பண்ணையாட்கள். தந்தை முதல் உலகப் போரில் மடிந்தார். 1917இல் தாயை மணந்த உழவர் மகனைத் தத்தெடுத்துத் தம் பெயரை வழங்கினார். இளமையில் பிரான்ட்ஸ் சற்று முரடர். ஊரில் முதன்முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவரே. 1933இல் மணவுறவுக்கு வெளியே அவருக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. புனிதர் வரலாறுகளில் இத்தகைய செய்திகளை நாம் மெல்ல ஒதுக்கிவிடுவது உண்டு. நான் ஒதுக்க விரும்பவில்லை. உரிமையோடு திரிந்த காலம் அவருக்கும் இருந்தது என்பதை அறிந்தால்தான் பின்னர் அவர் அடைந்த விடுதலை எத்தகையது என்பது விளங்கும். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார். புதுமணத் தம்பதியர் உரோமைக்குத் திருப்பயணம் சென்று வந்தனர். அடுத்தடுத்து மூன்று பெண் மக்கள் பிறந்தனர்.

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10இல் அந்த இணைப்புக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச் சீட்டில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம் நடுவிலும், 'இல்லை' என்பதற்குச் சிறிய வட்டம் ஓரத்திலும் அச்சிடப்பட்டிருந்தன. ஆம் என வாக்களிக்குமாறு நாட்டின் ஆயர்களே அறிக்கை விடுத்திருந்தனர். ஆஸ்திரியாவில் 99.7 விழுக்காட்டினர் ஆம் என்றதாக அறிவிக்கப்பட்டது. புனித ராடெகுண்டில் இல்லை என்றவர் ஒரே ஒருவர், அவர் பிரான்ட்ஸ்.

அவர் கலகக்காரராக இருந்ததால் இப்படிச் செய்தார் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவன் நல்ல கத்தோலிக்கனாகவும் உண்மையான நாசியாகவும் ஒருசேர இருக்க முடியாது என்று லின்ஸ் மறைமாவட்ட ஆயர் கிஃபோல்னர் 1933ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சுற்றுமடலில் கற்பித்திருந்தார். பிரான்ட்ஸ் அதை மறக்கவில்லை. மற்றவர்கள் ஐந்தாண்டுகளில் மறந்துவிட்டார்கள், அவ்வளவே. கோயிலில் கேட்டதை வீட்டிற்குக் கொண்டுபோன ஒரு பொதுநிலையினர், கோயில் தன் குரலைத் தாழ்த்திக்கொண்ட பிறகும் அதை விடவில்லை.

'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்று தேர்தல்தோறும் நம் காதில் விழுகிறது. மனத்தில் அந்நேரம் தோன்றுவதே மனச்சான்று என்பதுபோல அச்சொல் தேய்ந்துவிட்டது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, மனச்சான்று பயிற்றப்பட வேண்டியது, தவறவும் கூடியது, உண்மையைத் தேடும் கடமை உடையது என்று நாங்கள் படித்தோம், தேர்விலும் எழுதினோம். இந்த உழவரோ ஊர்ப் பள்ளியில் மட்டும் படித்தவர். ஆனால் விவிலியத்தையும் புனிதர் வரலாறுகளையும் ஊன்றிப் படித்தார். தம் ஐயங்களைக் குறிப்பேடுகளில் எழுதி எழுதித் தெளிந்தார். நாட்டில் நடப்பதையும் கண்டார். லின்ஸ் நகருக்கு அருகே ஹார்ட்ஹைம் மாளிகையில் 1940, 1941ஆம் ஆண்டுகளில் மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 18,000க்கும் மேற்பட்டோர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். மருத்துவ விடுதிகளிலிருந்து நோயாளிகள் மறைந்துபோகும் செய்தி மக்களிடையே பரவியிருந்தது. பிரான்ட்ஸின் செவிக்கும் எட்டியிருந்தது. இத்தகைய அரசு நடத்தும் போர் நீதியான போராக இருக்க முடியுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

முதல் அழைப்பிலேயே அவர் மறுத்துவிடவில்லை. 1940இல் படைக்குச் சென்றார், உறுதிமொழி எடுத்தார், சீருடை அணிந்து பயிற்சி பெற்றார். ஊர்த் தலைவர் முயற்சியால் உழவுக்கு இன்றியமையாதவர் என 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். இனி அழைப்பு வந்தால் போவதில்லை என்ற முடிவு அதன் பிறகே உறுதிப்பட்டது. விடுதலை ஒரே நாளில் வந்துசேர்வதன்று என்பதற்கு இந்த ஓராண்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு எடுத்தவர் தனியே நிற்க விரும்பவில்லை. அறிவுரை தேடிப் போனார். குருக்களைக் கேட்டார். அப்போதைய லின்ஸ் ஆயர் ஃபிளீசரையே நேரில் சென்று கண்டார். பிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். உனக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள். போர் நீதியானதா என்று தீர்ப்பிடுவது ஆட்சியாளர் பொறுப்பு, உன் போன்ற எளியவனின் பொறுப்பன்று என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரையின் சாரம். அதிகாரங்களுக்குப் பணியுமாறு பவுல் அடிகளார் உரோமையர்க்கு எழுதியதும் அவருக்கு நினைவூட்டப்பட்டது. அவர் வருத்தத்தோடு வெளியே வந்தார் என்றும், அவர்களும் துணியவில்லை என்று தம்மிடம் சொன்னார் என்றும் பிரான்சிஸ்கா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்றார். மறுநாள் தம் மறுப்பை அறிவித்துக் கைதானார். இரண்டு மாதம் லின்ஸ் சிறை. மே மாதம் முதல் பெர்லினின் டேகல் சிறை. காயமுற்றோர்க்குப் பணிசெய்யும் மருத்துவப் பிரிவில் சேர அவர் அணியமாக இருந்தார்; நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜூலை 6இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

சிறையில் அவரை வருத்தியது இறப்பைவிடத் தனிமையே. திருச்சபையில் தம்மைப்போல் எண்ணியவர் ஒருவரும் இல்லையா? அப்போது சிறை ஆன்ம குரு ஒரு செய்தியைச் சொன்னார். ஹிட்லருக்கு உறுதிமொழி கூற மறுத்த பிரான்ட்ஸ் ரைனிஷ் என்னும் பல்லோட்டீன் சபைக் குரு, முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அதே பிராண்டன்பூர்க்கில் தலை கொடுத்திருந்தார். அதைக் கேட்டு இவர் பெரும் ஆறுதல் அடைந்தார். மனச்சான்று தனக்குள்ளே முடிவெடுக்கிறது. ஆயினும் அதற்கும் துணை வேண்டியிருக்கிறது. தனிமனித உரிமை என்று மட்டும் விடுதலையைப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இவர் கைகள் கட்டுண்டிருந்தன. உறுதிமொழித் தாளில் ஒரு கையொப்பம் இட்டால் கட்டு அவிழலாம். அவரைச் சுற்றிக் கட்டற்றுத் திரிந்தவர்களோ அஞ்சி அஞ்சி வாழ்ந்தார்கள். கட்டுண்ட கையைவிடக் கட்டுண்ட மனமே கொடியது என்ற கருத்தை அவர் சிறையிலிருந்து எழுதினார். இது அழகிய சொல் என்று நாம் பாராட்டிவிட்டுப் போவது எளிது. எழுதியவருக்கு வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மனைவி மக்கள் இருப்பதால் தீய செயல் நல்லதாகிவிடுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் துணிவு எனக்கு இல்லை. திருமணமாகாத குருவாகிய நான் அதற்கு எளிதாக விடை சொன்னால் இல்லறத்தார் சிரிப்பார்கள்.

விடை சொல்லும் உரிமை பிரான்சிஸ்கா ஒருவருக்கே இருந்தது. தொடக்கத்தில் அவரும் கணவரின் மனத்தை மாற்ற முயன்றவர்தாம். ஊரே அவரைக் கைவிட்டபோது, தாமும் துணைநிற்காவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்பதை உணர்ந்து உடன் நின்றார். ஜூலை மாதம் ஊர்ப் பங்கிலிருந்து ஒரு குருவோடு பெர்லினுக்குச் சென்று, இருபது நிமிடம் கணவரைக் கண்டு திரும்பினார். அதுவே கடைசிச் சந்திப்பு. கணவரின் தலை ஒரு நொடியில் விழுந்தது. மனைவி அதன் விலையை எழுபது ஆண்டு செலுத்தினார். நீதான் அவனைக் கெடுத்தாய் என்று ஊரார் பழித்தனர். போரில் மாண்டவர்களின் மனைவியர்க்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. ஒருவர் விடுதலை பெற இன்னொருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. நம் மறைசாட்சிகளின் பட்டியலில் அந்த இன்னொருவரின் பெயர் ஏறுவதில்லை.

1946இல் அவருடைய சாம்பல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டுக் கோயில் சுவரையொட்டி அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டே அவரைப் பற்றிய கட்டுரையொன்றை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் ஃபிளீசர் இசையவில்லை. தம் கடமையென்று நம்பிப் போரிட்டு மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. பிள்ளைகளைப் போர்முனையில் இழந்த ஆயிரம் தாய்மார் அவர் கண்முன் இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. மறைமாவட்ட இதழ் ஒன்றில் நான் இன்று இதை எழுதுவதற்குக்கூட இடையில் சில கதவுகள் திறக்க வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒன்றைத் திறந்தவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். கார்டன் ஸான் என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கச் சமூகவியலார் 1964இல் பிரான்ட்ஸின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பம்பாயின் முன்னாள் பேராயராகிய இயேசு சபைத் தாமஸ் ராபர்ட்ஸ், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு எழுத்து வடிவில் அளித்த கருத்துரையில் இந்த உழவரைச் சுட்டிக்காட்டினார். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்போர்க்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும் என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு கேட்டுக்கொண்டது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் அவர்மீதான மரணதண்டனைத் தீர்ப்பை நீக்கியது. 2007 அக்டோபர் 26இல், எந்த ஆயரகத்தின் வாயிலில் அவர் வருத்தத்தோடு நின்றாரோ அதே லின்ஸ் நகரில், முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்கா அங்கே இருந்தார். 2013இல் தம் நூறாவது பிறந்தநாள் கண்டு சில நாள்களில் அவர் கண்மூடினார்.

ஆயர் ஃபிளீசரைக் குறைகூற என் பேனா எழுவதில்லை. அவர் சொன்னதை நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒருவர் இரவில் பங்கு இல்லத்திற்கு வந்தார். வேலை முடியாமலே முடிந்ததாகக் காட்டும் பட்டியலில் கையொப்பமிடும்படி மேலதிகாரி நெருக்குவதாகச் சொன்னார். மறுத்தால் வேறு ஊருக்கு மாற்றல். மகள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். நான் அன்போடுதான் பேசினேன். கையெழுத்துப் போடச் சொல்லுகிறவன் மேல்தான் பாவம், பிள்ளையின் படிப்பைப் பாருங்கள் என்றேன். தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவர் முகத்தில் நிம்மதியைக் காண்பேன் என்று எதிர்பார்த்தேன், காணவில்லை.

அவர் என்னிடம் அனுமதி கேட்டு வரவில்லை, துணை கேட்டு வந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் கையொப்பமிட்டார். மாற்றல் வரவில்லை. ஞாயிறுதோறும் வழக்கம்போலக் குடும்பத்தோடு திருப்பலிக்கு வந்தார். முன்போலவே மூன்றாவது வரிசையில் அமர்வார். நற்கருணை வாங்க மனைவியும் மகளும் எழுந்து வருவார்கள். அவர் தலை குனிந்தபடி அங்கேயே இருப்பார். நான் அந்தப் பங்கில் இருந்த எஞ்சிய இரண்டு ஆண்டுகளும் அப்படியே. காரணம் எனக்குத் தெரியும். ஒரு நாளும் அவரை அழைத்து நான் பேசவில்லை. பிறகு எனக்கு மாற்றல் வந்தது.