இந்தியப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், 2012

இந்தியப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், 2012 என்பது திரைப்படப் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் ராயல்டியை, வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாத உரிமையாக்கிய சட்டம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய இது, 2012 மே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கமான இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி (ஐ.பி.ஆர்.எஸ்.) தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக உருவாக்கச் செய்த பாட்டுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லையென்றால் அவரே முதல் உரிமையாளர் என்றது அத்தீர்ப்பு. பாடகருக்குச் சட்டத்தில் உரிமை ஏதும் இல்லாத குறையை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதே தீர்ப்பில் தனியே சுட்டிக்காட்டினார். அதன் பிறகும் ஒரே தொகை பெற்றுக்கொண்டு எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுப்பதே திரையுலக வழக்கமாக நீடித்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் படைப்பாளிகளுக்காக அவையில் வாதாடினார்.

முக்கிய விதிகள்

18ஆம் பிரிவின்படி, படைப்பாளி தன் ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றிக் கொடுக்கலாம். இதற்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிக்கும் பாட்டுக்கு இந்த ராயல்டி கிடையாது. அதே பாட்டு பண்பலையிலோ கைபேசிச் செயலியிலோ ஒலித்தால் உண்டு. வணிக நோக்கிலான பயன்பாட்டில் பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞர்களும் ராயல்டி பெறலாம். பார்வையற்றோர் முதலானோருக்காக நூல்களை அவர்கள் பயன்படுத்தும் வடிவில் ஆக்குவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற விதியும் இத்திருத்தத்தில் வந்ததே.

நீதிமன்றங்களில்

31டி பிரிவு, நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைச் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்ப வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு வழிசெய்கிறது. இந்தச் சலுகை இணைய இசைச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று இசை நிறுவனமான டிப்ஸுக்கும் இணைய இசைச் சேவையான விங்குக்கும் இடையிலான வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. அதன் இரு நீதிபதிகள் அமர்வு 2022இல் அதை உறுதிசெய்தது. பண்பலை நிலையங்கள் ஒலிப்பதிவுக்குப் பணம் செலுத்தினாலும், பாடல்வரிக்கும் இசைக்கும் ராயல்டி தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023இல் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

மதிப்பீடு

ஏட்டளவில் இது படைப்பாளிக்குக் கிடைத்த பெரும் வெற்றி. நடைமுறையிலோ, பாட்டு எழுதியவரின் பெயர் பதிப்புரிமைச் சங்கத்தின் பதிவேட்டில் சரியாக இல்லையென்றால் அவருக்குரிய பணம் அவரிடம் வந்து சேராது. பாடல்வரிக்கும் இசைக்கும் பதிப்புரிமை, படைப்பாளி மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. எனவே பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் மறைந்தவர்களின் வாரிசுகளும் சங்கத்தில் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பதிவுசெய்து கொள்வது இன்றியமையாதது.