ஐந்து நாளுக்கு ஒரு பருவம்

ஜப்பானின் பழைய நாட்காட்டியில் ஆண்டுக்கு 72 பருவங்கள்! ஒவ்வொன்றும் சுமார் ஐந்தே நாட்கள். 'கிழக்குக் காற்று பனிக்கட்டியை உருக்கும்' என்பது பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் பருவத்தின் பெயர்.

சீனாவிலிருந்து வந்த இந்தப் பட்டியல் ஜப்பானின் தட்பவெப்பத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை. 1685-ல் புதிய நாட்காட்டி அமலுக்கு வந்தபோது வானியல் அறிஞர் ஷிபுகாவா ஷுன்காய் அதைத் திருத்தினார். 'பருந்து புறாவாகும்' காலம் போய், 'புழு பட்டாம்பூச்சியாகும்' காலம் வந்தது. ஆனால் 'மக்கிய புல் மின்மினியாகும்' எப்படியோ தப்பிவிட்டது. (அறிவியல் இல்லைதான், ஆனாலும் அழகு!)

1873-ல் அரசு ஆங்கில நாட்காட்டிக்கு மாறியது. சிக்கல் ஹைக்கூ கவிஞர்களுக்கு. பருவத்தைச் சுட்டும் ஒரு சொல் கவிதையில் இருக்க வேண்டும் என்பது மரபு. வசந்தத்தோடு வந்துகொண்டிருந்த புத்தாண்டு நடுக்குளிரில் வந்து நின்றது! கடைசியில் பருவச்சொல் தொகுப்புகளில் நான்கு பருவங்களோடு 'புத்தாண்டு' ஐந்தாவது பிரிவாயிற்று.

'செர்ரி மலரத் தொடங்கும்' பருவம் மார்ச் 25 வாக்கில் வரும். 2021-ல் கியோட்டோவில் மார்ச் 26-லேயே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன.