வெட்டுப்பற் குழல்: அறிவின் வரலாறும் அமைப்பின் வேறுபாடும்

மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டுக்கும் பின்னே, அண்ணத்தை நாவின் நுனியால் தடவிப் பார்ப்பவர்க்கு ஒரு சிறு சதைமொட்டுத் தட்டுப்படும். அதற்கு நேர் மேலே, நாசியின் அடித்தளத்திலிருந்து எலும்பினூடே வாய்வரை இறங்கும் பாதையே வெட்டுப்பற் குழல். நாசியண்ண நரம்பும் இரத்த நாளங்களும் இதன் வழியே சென்று முன் அண்ணத்துக்கு உணர்ச்சியையும் போஷணையையும் அளிக்கின்றன.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை விவரித்தவர் டேனிஷ் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டென்சன் (1638–1686).

அடுத்த நூற்றாண்டில் இத்தாலியரான ஸ்கார்ப்பா நரம்பின் போக்கை ஆராய்ந்தார். 1784இல் ஜெர்மானிய மகாகவி கெதே, விலங்குகட்கு மட்டுமே உரியதென எண்ணப்பட்ட இடைத்தாடை எலும்பு மனிதனிடத்தும் உண்டென நிறுவினார். 1811இல் யாக்கப்சன், விலங்குகளின் நாசியில் தனியானதொரு வாசனைப் பொறியைக் கண்டறிந்தார். பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடித் தெருவில் வெள்ளாட்டுக் கிடா மூத்திரத்தை முகர்ந்து, தலையை நிமிர்த்தி மேலுதட்டைச் சுருட்டி நிற்பது அப்பொறிக்கு வாசனையை ஏற்றுவதற்கே. அதற்கு வாயிலிருந்து வழியாகும் நாளம், வளர்ந்த மனிதரிடத்துப் பொதுவாக அடைபட்டுப்போக, நரம்புக்கும் இரத்த நாளங்களுக்கும் உரிய எலும்புக் குழல் மட்டும் எஞ்சுகிறது.

கருவில் இடைத்தாடையும் இருபுறத்து அண்ணத் தட்டுகளும் கூடுமிடத்தில் உருவாகும் இக்குழல் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. வாயின் பக்கம் பெரும்பாலும் ஒரே துவாரமாக இருப்பது, நாசியின் பக்கம் ஒன்றாகவோ, இரண்டாகவோ, சிலரிடத்து நான்காகவோ பிரிந்திருக்கும். வடிவமும் சிலர்க்கு உருளையாகவும், சிலர்க்குப் புனலாகவும், வேறு சிலர்க்கு இடை சிறுத்த உடுக்கையாகவும் அமையும்.

மண்டையோட்டு ஆராய்ச்சியோடு நின்ற இவ்விஷயம், 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னரே நோயாளியின் படுக்கைக்கு வந்தது. கதிர்ப்படத்தில் துவாரம் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால் நீர்க்கட்டியோ என ஐயுறுதல் வழக்கமாயிற்று. 1965இல் ஸ்வீடனில் பிரானெமார்க் மனிதத் தாடையில் டைட்டேனியப் பல்வேரைப் பதித்தார். 1990களின் இறுதியில் முப்பரிமாணமாகத் தாடையைக் காட்டும் கோன் பீம் சி.டி. வந்தது, அதன்பின் இக்குழலின் அளவும் பல் பதிக்கும் சிகிச்சையின் வெற்றியை நிர்ணயிக்கும் காரணங்களுள் ஒன்றாயிற்று. முன்பல் விழுந்தபின் எலும்பு தேய்ந்து குழல் அகல்கிறது. அதை அறியாது பதிக்கும் உலோகம் நரம்பைத் தொட்டால், அண்ணம் மரத்துப்போவதும் பதித்தது எலும்போடு பொருந்தாமற் போவதும் நேரக்கூடும்.

1920இல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கிய தந்த வைத்தியக் கல்வி இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆகவே இனியும் பிறநாட்டார் தலைகளில் அளந்த சராசரியைக் கொண்டு நம்மவர் வாயில் கருவியை வைத்தல் முறையன்று. முன்பல் பதிக்கும் ஒவ்வொருவர்க்கும் முதலில் குழலை அளந்தறிவதை வைத்தியர்கள் நியமமாகக் கொள்ளவேண்டும். பூலாம்பாடி போன்ற ஊர்களின் மக்களையும் உட்படுத்தி நம் கல்லூரிகள் சொந்த அளவுகளைத் தொகுத்து வெளியிடவேண்டும்.