மேகக் கணக்கு

ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளிக்கு அப்பால் இருப்பது சந்தாபுரா. ஆடி மாதம் மேற்கிலிருந்து வரும் மேகமும், ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும் மேகமும் இவ்வூரின்மீது செல்கின்றன. பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய நம்மவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு: பகலில் மேகம் கவிந்தால் வெயில் தணிகிறது, இரவில் மேகம் மூடினால் புழுக்கம் மிகுகிறது. அப்படியாயின் மேகம் பூமியைக் குளிர்விப்பதா, வெப்பப்படுத்துவதா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. விடை கண்டவர்களுள் முதன்மையானவர், நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு வந்த ஒருவர்.

மேகங்களை வகைப்படுத்திப் பெயரிட்டவர் லண்டன் நகரத்து லூக் ஹோவார்டு. 1802இல் அவர் ஆற்றிய உரையே அதற்குத் தொடக்கம். அவர் இட்டவை லத்தீன் பெயர்கள். முகில், கொண்டல், எழிலி, மஞ்சு என்று நம் மொழியில் குவிந்து கிடக்கும் சொற்களைக் காணும்போது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாவது இயல்பு. ஆயினும் பெயர் வேறு, அளவு வேறு. தரையில் நிற்கும் வானிலையாளர் வானத்தை எட்டுப் பங்காகப் பாவித்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று குறித்தார். அவர் கண்ணுக்கு எட்டியதே கணக்கு. பெருங்கடல்களின்மேல் பார்ப்பாரும் இல்லை, குறிப்பாரும் இல்லை.

1960 ஏப்ரல் முதல் நாள் ஏவப்பட்ட டைராஸ் என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோள் 78 நாள் உழைத்து, மேகங்களைப் படம் பிடித்து அனுப்பியது. ஆனால் படம் அழகாயிருந்தால் மட்டும் போதாது. மேகம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதிலிருந்து அதன் தடிமனையும், அதன் உச்சியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரிலிருந்து அதன் குளிர்ச்சியையும், குளிர்ச்சியிலிருந்து உயரத்தையும் கணிக்க வேண்டும். தாழ்ந்த தடித்த மேகம் வெயிலைத் திருப்பிவிடும் கூரை. மிக உயரத்து மெல்லிய மேகமோ பூமியின் வெப்பத்தை வெளியேற விடாத போர்வை.

கூரை வலிதா, போர்வை வலிதா? வீரபத்ரன் ராமநாதன் தமது பதினோராம் வயதில் குடும்பத்துடன் பெங்களூருக்கு வந்தார். தமிழில் பயின்று வந்த சிறுவர் ஆங்கில வகுப்பில் அமர நேர்ந்தது. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் போய், எதையும் தாமே ஆராய்ந்து அறியும் பழக்கம் அங்குதான் வந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்று அமெரிக்கா சென்றார். 1984இல் விண்ணேறிய கதிர்வீச்சுக் கோளின் அளவுகளைக் கொண்டு அவரும் துணைவர்களும் 1989இல் முடிவை வெளியிட்டனர். மேகங்கள் சதுர மீட்டருக்கு 44.5 வாட் அளவு வெயிலைத் திருப்புகின்றன, 31.3 வாட் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. இது 1985 ஏப்ரல் மாதத்துக் கணக்கு. எஞ்சுவது 13.2 வாட் குளிர்ச்சி. காற்றில் கரியமில வாயு இரு மடங்கானால் ஏற்படும் வெப்ப மிகுதி ஏறத்தாழ 4 வாட்தான். ஆகவே மேகக் கூரையில் சிறிது மாற்றம் நேர்ந்தாலும் அது உலகின் வெப்பநிலையைப் பெரிதும் பாதிக்கக் கூடும்.

இதற்கிடையே, 1983 ஜூலையில், உலக மேகங்களுக்கெல்லாம் பேரேடு எழுதும் சர்வதேசத் திட்டம் தொடங்கியது. மூன்று மணிக்கொரு முறை, சுமார் 280 கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பூமி முழுவதும் கணக்கெடுக்கப்பட்டது. பூமியின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை எப்போதும் மேகம் மூடியிருப்பது தெரிய வந்தது. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் மங்கிக் கிடந்தது. அது நம் இந்து மகாசமுத்திரம். அதே 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட நம் நாட்டின் இன்சாட் 1பி, 74 பாகைத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே நிலைகொண்டு பருவமழை மேகங்களைப் படம் எடுத்து வந்தது. அதனை ஆளும் நிலையமும் இதே கர்நாடகத்தில் ஹாசனில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அப்படங்கள் பொதுக் கணக்கில் தொடர்ச்சியாகச் சேரவில்லை. துருவங்களைச் சுற்றும் கோள்கள் நாளைக்குச் சில முறை கண்டதைக் கொண்டு இடத்தை நிரப்பினர். பிற்பகலில் கருக்கொண்டு மாலையில் இடித்துப் பெய்யும் மேகத்தின் வளர்ச்சி அதில் எங்ஙனம் அகப்படும்? தன் பொருளைக் காத்துக் கொள்ளும் உரிமை நாட்டுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உலகின் மிகப் பெரிய மழைக் காலத்தின் கணக்கு அரைகுறையாய் நின்றது நமக்கும் நஷ்டமே என்று கருதுகிறோம்.

1998இல் ஐரோப்பாவின் மீட்டியோசாட் 5 என்னும் கோள் 63 பாகைக்கு நகர்த்தப்பட்ட பின்னரே அக்குறை நீங்கியது. அதை நகர்த்தக் காரணமாயிருந்த இந்து மகாசமுத்திர ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த இருவருள் ஒருவர் அதே ராமநாதன்.

2011 அக்டோபர் 12ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் கூடி மேகா டிராபிக்ஸ் என்னும் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. பெயரில் பாதி வடமொழி, பாதி பிரெஞ்சு; மழையளக்கும் அதன் கருவிக்கோ மெட்ராஸ் என்று பெயர்! அக்கருவி 2013 ஜனவரியில் பழுதுற்றது. வெயிலையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியும், காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியும் தொடர்ந்து உழைத்தன. பணி முடிந்த அக்கோள் 2023 மார்ச் 7இல் பசிபிக் கடலின்மேல் இறக்கி எரிக்கப்பட்டது.