கண்ணை மறைத்துக் கார் ஓட்டியவர்

1960களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் நெடுஞ்சாலையில் ஒருவர் கார் ஓட்டிப் போகிறார். தலையில் ஹெல்மெட். அதன் முன்தகடு விழுந்து கண்ணை மறைக்கிறது, சட்டென்று எழும்புகிறது, திரும்பவும் விழுகிறது. விசர் வேலை எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஆள் ஜோன் செண்டர்ஸ் என்ற உளவியலாளர்.

விபத்து நடந்தபிறகு 'சாரதி கவனமில்லை' என்று சொல்ல ஆர் எவராலும் முடியும். ஆனால் ஒரு வீதிக்கு எவ்வளவு கவனம் வேணும்? அதை அளக்க ஒரு வழி இருக்கவில்லை. செண்டர்ஸ் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்: எவ்வளவு நேரம் பார்க்காமல் ஓடலாம்?

இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஒன்றில் தகடு மூடித் திறக்கும் நேரம் மாறாது. சாரதி தனக்குத் துணிவுள்ள வேகத்தில் போகலாம். மற்றதில் வேகம் மாறாது. பார்க்கவேணும் போல இருந்தால் ஆளியை அழுத்த, தகடு அரைச் செக்கன் திறக்கும். வேகமும் வளைவும் கூடக்கூட அடிக்கடி பார்க்க வேண்டி வந்தது. கண்ணை எடுத்த கணத்திலிருந்து முன்னால் என்ன இருக்கிறது என்ற நிச்சயமின்மை வளர்கிறது, அது தாங்காத அளவுக்கு வந்ததும் பார்க்கிறோம் என்பது அவர் விளக்கம். 1967இல் கட்டுரை வந்தது.

2011இல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு அது.) ஆனால் அதற்குள் அவருடைய முறை காருக்குள் இருக்கும் திரைகளைச் சோதிக்கும் சர்வதேச நியமமாகியிருந்தது. 1.5 செக்கன் திறந்து 1.5 செக்கன் மூடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் வேலை செய்யச் சொல்வார்கள். 2013இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு பார்வைக்கு 2 செக்கன், ஒரு வேலைக்கு மொத்தம் 12 செக்கன் என்று எல்லை வைத்தது. அதுவும் சட்டமில்லை, வழிகாட்டல்தான். மணிக்கு 100 கிலோமீற்றரில் 2 செக்கன் என்றால் கிட்டத்தட்ட 56 மீற்றர். எனக்கு அது தாராளமாகத்தான் படுகிறது. என்றாலும் 'சாரதியின் பிழை' என்ற பேச்சு திரையைச் செய்தவரின் பக்கமும் திரும்பியது, அது பெரிய விசயம்.

இந்த அளவுகோல் பிடிக்காத ஒன்று இருக்கிறது. 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் ஜோன்ஸ்டனும், கார் ஓட்டுவதைப் போன்ற ஒரு வேலையைக் கொடுத்து ஆட்களைப் போனில் கதைக்க விட்டார்கள். கதைத்தவர்கள் சிவப்புச் சைகையைத் தவறவிட்டது இரண்டு மடங்கு. கையில் பிடித்துக் கதைத்தாலும் பிடிக்காமல் கதைத்தாலும் வித்தியாசமில்லை. கண் முன்னாலேதான் இருந்தது.

2024 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக அனுமதி பெறும் கார் வகைகளில் கவனச்சிதறலை எச்சரிக்கும் கருவி இருக்கவேணும். அது பார்ப்பதும் சாரதியின் கண் எங்கே போகிறது என்பதைத்தான்.