விண்ணப்பத்தில் யார் கையெழுத்து?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் போற்றிவிட்டுக் கலைந்து செல்வது நம் மன்றத்தின் வழக்கமில்லை. அவர் விட்டுச் சென்ற கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவோம். நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நாம் எழுதியது எவ்வளவு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கேள்வியை இவ்வாண்டு சினிமாவின் பக்கம் திருப்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் சிலர் சுடுகாட்டில் வேலை செய்வோரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து, அதை வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றுக்கு அனுப்பினார்கள். விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அதற்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பது புரிந்தது.

1946இல் கான் நகரில் முதல் திரைப்பட விழா நடந்தது. அங்கே உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ ஒன்று. மேட்டில் வாழும் செல்வந்தர் சாக்கடையைத் தாழ்ந்த பகுதிக்குள் திருப்பிவிடுகிறார். தண்ணீர் கெட்டு மக்கள் நோயில் விழுகிறார்கள். இந்திய சினிமா உலக மேடையேறிய முதல் நாட்களிலேயே கீழ்ப்பகுதியும் சாக்கடையும் அதனுடன் ஏறிவிட்டன. ஆனால் படம் பேசியது பணக்காரர், ஏழை என்ற கணக்கில். அந்தச் சாக்கடையில் இறங்குபவர் எந்தச் சாதி என்ற கேள்வி வர இன்னும் பல காலம் ஆயிற்று.

அக்கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் சோலாப்பூர் மாவட்டத்து நாகராஜ் மஞ்சுளே. அவருடைய ‘ஃபன்றி’ 2013இல் மும்பை திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஊர்க்காரர்களுக்காகப் பன்றி பிடிக்கும் கைக்காடிக் குடும்பத்துச் சிறுவனின் கதை அது. தலைப்பைக் கவனியுங்கள். தமிழோடு உறவுடைய கைக்காடி மொழியில் பன்றிக்கு அதுதான் சொல். மராத்தியில் எடுத்த படத்துக்கு, ஊர் இழிவாகப் பார்த்த வீட்டின் மொழியிலிருந்து பெயர் வைத்தார். மொழிபெயர்க்காமல் அப்படியே உலகுக்கு அனுப்பினார். விண்ணப்பத்தில் படத்தின் பெயர் என்ற முதல் கட்டத்தையே அவர் தம் மக்களின் சொல்லால் நிரப்பினார் என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். 2016இல் அவருடைய ‘சைராட்’ பெர்லின் விழாவுக்குப் போயிற்று.

இன்னொரு வழியும் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2021இல் சன்டான்ஸ் விழாவில் விருதுகள் வாங்கியது. ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை சென்றது. ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2022 மார்ச்சில், அந்த நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படத்தின் வலிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரே கட்சியைப் பற்றி மட்டும் செய்தி தருபவர்களாகத் தங்களைக் காட்டியிருப்பது சரியில்லை என்றது. படம் எடுத்தவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தங்கள் கதை உலகைச் சுற்றி வந்த பிறகு அதற்குத் திருத்தம் எழுதும் நிலையில் அந்தப் பெண்கள் நின்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். இணையத்தில் பதிந்து, பூட்டிய இணைப்பில் படத்தை ஏற்றி, கதைச்சுருக்கமும் இயக்குநர் குறிப்பும் எழுதி, கட்டணம் செலுத்த வேண்டும். பல விழாக்களில் 30, 50 டாலர் என்று கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் அனுப்பினால் தொகை கூடும். தேர்வாகாவிட்டாலும் பணம் திரும்பாது. நான்கு விழாக்களுக்கு அனுப்பினால் ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் வருமானம் போய்விடும். கட்டண விலக்குக் கேட்டு எழுதலாம், சில விழாக்கள் தருகின்றன. தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது துணைத்தலைப்பு. ‘சேரி’ என்று பேசுவதை ‘ஸ்லம்’ என்று எழுதிவிட்டால் சாதி மறைந்து வறுமை மட்டும் மிஞ்சும். ‘தீட்டு’ என்பதை ‘அழுக்கு’ என்று பெயர்த்தால் சோப்புப் போட்டால் போய்விடும் என்று அந்நியர் நினைப்பார். ‘நீச்சா நகர்’ காலத்தில் விடுபட்ட அதே கேள்வி இங்கே ஒரு சொல்லில் மறுபடியும் விடுபடும். சேரியைச் சேரி என்றே விட்டு, கதைச்சுருக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினோம்.

பிறகு வந்தது முதல் காட்சி விதி. நாங்கள் தேர்ந்த விழா, உலகில் வேறெங்கும் பொதுவில் காட்டாத படத்தைத்தான் ஏற்கும். அப்படியானால் படத்தில் இருப்பவர்கள் கடைசியாகத்தான் பார்க்க வேண்டுமா? விழாக் குழுவுக்கே எழுதிக் கேட்டோம். பங்கேற்றவர்களுக்கு மட்டும் காட்டினால் அது பொதுக் காட்சியாகாது என்று பதில் வந்தது. காலனியில் ஒரு வீட்டுச் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினோம். பின்னணிக் குரல் ‘வெட்டியான்’ என்று சொன்ன இடத்தில் ஓர் அக்கா எழுந்தார். “அவருக்குப் பேரு இல்லையா, தம்பி?” என்றார். யாரும் பேசவில்லை. படம் எடுத்தவர்கள் நம் பிள்ளைகள்தான். ஆனாலும் ஊர் சொல்லும் சொல் அவர்கள் வாயிலும் வந்திருந்தது. பின்னணிக் குரலை மாற்றி, ஒவ்வொருவரையும் அவரவர் பெயரால் அழைத்து, தாமதக் கட்டணம் கட்டி அனுப்பினோம்.

படம் தேர்வாகவில்லை. வருத்தம் உண்டு. என்றாலும் அந்த அக்கா எழுந்து கேட்காமல் படம் தேர்வாகியிருந்தால் அது பெரிய தோல்வியாக இருந்திருக்கும்.

வெளியே அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. 2004இல் மும்பையில் நடந்த அரசு ஆவணப்பட விழாவுக்காக இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்டார்கள். இயக்குநர்கள் திரண்டு எதிர்த்ததால் விதி விலக்கப்பட்டது. பிறகு பல படங்கள் தேர்வில் கழிக்கப்பட்டன. அவர்கள் ‘விகல்ப்’ என்ற பெயரில் தங்கள் விழாவைத் தாங்களே நடத்தினார்கள். 2019இல் நியூயார்க்கில் நடந்த தலித் திரைப்பட விழாவில் ‘காலா’வும் ‘பரியேறும் பெருமா’ளும் காட்டப்பட்டன. மலையாளத்தின் முதல் நாயகியான பி.கே. ரோசி, உயர்சாதிப் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர். இன்று அவர் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது.

ஆகவே இளைஞர்களிடம் இந்த மேடையிலிருந்து இரண்டு கேட்கிறோம். படத்தை உலகுக்கு அனுப்புங்கள், செலவில் இயன்றதை மன்றம் ஏற்கும். அனுப்பும் முன் யாரைப் படம் எடுத்தீர்களோ அவர்கள் வீட்டுச் சுவரில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்.

ஜெய்பீம்.